மேலே நாலு விரல் இடம்

அந்த ஜன்னலைச் சாத்திவிடுங்கள். இப்போதே. அப்புறம் அவசரத்தில் இழுத்தால் வராது, ஷட்டர் துருப்பிடித்துக் கிடக்கிறது. ரயில்வே கேட் தாண்டியதும் பாருங்கள், இந்த பஸ்ஸில் ஒருவர் விடாமல் சாத்துவார்கள். கண்டக்டர் சொல்லவே வேண்டாம். நீங்கள் வெளியூர் என்று பார்த்தவுடனேயே தெரிந்துகொண்டேன். எங்கள் பக்கத்து ஆட்கள் காற்று வாங்க ஜன்னலோரம் உட்கார மாட்டார்கள்.

இந்தப் பையைக் கொஞ்சம் மடியில் வைத்துக்கொள்கிறீர்களா? படுக்கை வசத்தில். கசங்கக் கூடாது. உள்ளே நூற்றுத் தொண்ணூற்று ஒன்பது கையெழுத்து இருக்கிறது. இன்று திங்கட்கிழமை இல்லையா, கலெக்டர் ஆபீஸில் மனு வாங்குகிற நாள்.

கேட் போட்டாயிற்று. கூட்ஸ் வண்டி. குறைந்தது இருபது நிமிஷம் நிற்போம். இந்த ஊரில் எதற்கும் ஒரு நேரம் காலம் கிடையாது. எனக்கு அதுதான் ஆகாது. கான்வென்ட்டில் சிஸ்டர் அனுன்சியாவிடம் படித்தவள் நான். ஒன்பது மணி பெல் என்றால் எட்டு ஐம்பத்தைந்துக்கு வரிசையில் நிற்க வேண்டும், ஒரு கை நீள இடைவெளி விட்டு. ஐந்தாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரைக்கும் நான்தான் மானிட்டர். பேசுகிறவள் பெயரைப் போர்டில் எழுதுவேன். என் தோழி பெயரையும் எழுதியிருக்கிறேன்.

அல்போன்ஸ் நகர் என்று பஸ்ஸில் எழுதியிருக்கிறதே, அதுதான் எங்கள் காலனி. குடியிருப்போர் நலச் சங்கத்துக்கு நான் செயலாளர். தலைவர் என்று ஒருவர் இருக்கிறார், கூட்டத்தில் தூங்குவார். எல்லாரும் என்னை டீச்சரம்மா என்பார்கள். நான் டீச்சர் இல்லை, வீட்டோடு இருக்கிறவள். ஆனால் அந்தப் பட்டத்தை வைத்தவள் பேச்சித்தாய், பிறகு தெருவே பிடித்துக்கொண்டது. வேண்டாம் என்று நானும் சொல்லவில்லை.

பேச்சித்தாய் யார் என்றால், காலனிக்கு மேற்கு எல்லையில் எண்பது சென்ட் நிலமும் ஒரு கிணறும் மூன்று மாடும் வைத்திருப்பவள். எங்கள் தெருவுக்கு அவள் பால்தான். கோடையில் அவள் கிணற்றுத் தண்ணீர்தான். அப்படி ஒரு தண்ணீர். அந்தத் தண்ணீரில் பருப்பு வேகிற வேகமே வேறு. என் வயதுதான் அவளுக்கும், ஐம்பத்தொன்று. பேச்சுதான் கொஞ்சம் மட்டுமரியாதை இல்லாத பேச்சு. தெருமுனையில் நின்றுகொண்டே, “டீச்சரம்மா, செம்பக் கொண்டாங்க” என்று கத்துவாள். பெல் எதற்கு வைத்திருக்கிறோம் என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஆனி மாதம், ஆல்வின் வந்தான். மாஸ்டர் பிளான் தயாரிக்கிற ஆலோசனைக் கம்பெனியின் ஆள். வாசலிலேயே ஷூவைக் கழற்றி ஜோடியாக வைத்தான். எனக்கு அங்கேயே பிடித்துவிட்டது. அவன் இங்கிலீஷ் இருக்கிறதே, சிஸ்டர் கேட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு ரசித்திருப்பார். “மேடம், நகரம் அடுத்த இருபது வருஷம் எப்படி வளர வேண்டும் என்பதை மக்களே சொல்ல வேண்டும். உங்கள் பகுதிக்கு உங்களைவிடப் பொருத்தமானவர் கிடையாது” என்றான். இத்தனை வருஷத்தில் ஒருவர் வாயிலிருந்து அதைக் கேட்டேனா? எங்கள் வீட்டுக்காரர் ட்ரெஷரியில் நாற்பது வருஷம் வேலை பார்த்தவர், அவர்கூட என்னிடம் கேட்டது இன்றைக்கு என்ன குழம்பு என்பதுதான்.

சமுதாயக் கூடத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம். நாற்காலி போட்டது, நடுவில் வழி விட்டது, பெண்களுக்குத் தனி வரிசை, எல்லாம் நான். சுவரில் பெரிய வரைபடம். வீடு என்றால் மஞ்சள், வயல் என்றால் பச்சை, தொழிற்சாலை என்றால் ஊதா. எங்கள் மேற்குப் பக்கம் முன்னால் பச்சையாக இருந்ததாம், புது வரைபடத்தில் ஊதா. ஊதா எங்கள் ஸ்கூலில் என் ஹவுஸின் நிறம். அதனாலோ என்னவோ எனக்கு அது உறுத்தவில்லை. “சின்னச் சின்னத் தொழில்கள்தான் மேடம், தையல், பேக்கிங். சுற்றிலும் மரம் வைப்பார்கள்” என்றான் ஆல்வின்.

பத்து நிமிஷம் அவன் பேசியிருப்பான். பின்னாலிருந்து பேச்சித்தாய் எழுந்துவிட்டாள். கை தூக்கவில்லை, ஒன்றுமில்லை.

“ஏ தம்பி, ஊதாவுல என்ன வரும்? பேரச் சொல்லு.”

“அதெல்லாம் பின்னால் முடிவாகும் அம்மா.”

“பின்னால முடிவாவுறதுக்கு முன்னால எதுக்குக் கூப்பிட்டிய? சரி, ஆடி மாசம் மேகாத்து அடிக்கும்லா, அங்கன பொக வந்துச்சுன்னா அது எங்க போவும்? இந்தா இவுக வீட்டுக்குள்ளதான போவும்? கழிவுத் தண்ணிய எங்கிட்டு விடுவாக? எங்கெணறு பக்கத்துலதான இருக்கு?”

எல்லாரும் சலசலவென்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். மீன் சந்தை மாதிரி. நான் மேஜையைத் தட்டினேன். “பேச்சி, உட்கார். கேள்வி கேட்க நேரம் ஒதுக்கியிருக்கிறது. கை தூக்கிவிட்டு, பெயர் சொல்லி, ஒருவர் பின் ஒருவராகக் கேட்க வேண்டும்” என்றேன். உட்கார்ந்துவிட்டாள். நான் சொன்னால் கேட்பாள். ஆனால் கேள்வி நேரம் வந்தபோது மின்சாரம் போய்விட்டது, மைக் இல்லை, பஜ்ஜி வந்துவிட்டது. அவள் கை தூக்கிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தாள், அதையும் சொல்ல வேண்டும். நான் பார்த்தேன். பஜ்ஜி ஆறிவிடுமே என்று முடித்துவிட்டேன்.

‘ஆட்சேபணை எதுவும் பதிவாகவில்லை’ என்று நடவடிக்கைக் குறிப்பில் எழுதியிருந்தார்கள். முறைப்படி பார்த்தால் அது சரிதானே. முறைப்படி ஒருவரும் பேசவில்லையே.

அப்புறம் வருகைப் பதிவு. இதுதான் முக்கியம், கேளுங்கள். ஆல்வின் வெறும் வெள்ளைத் தாளைக் கொண்டுவந்திருந்தான். கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டால் எனக்குப் பார்க்கச் சகிக்காது. வீட்டிலிருந்து ஸ்கேல் கொண்டுவரச் சொல்லி நானே கோடு போட்டேன். வரிசை எண், பெயர், கதவு எண், கையொப்பம். இடது பக்கம் மார்ஜின். “மேலே தலைப்பு என்ன எழுதட்டும்?” என்று கேட்டேன். “இடம் மட்டும் விடுங்கள் மேடம், தலைப்பை ஆபீஸ் முறைப்படி நான் டைப் பண்ணிக்கொள்கிறேன்” என்றான். எவ்வளவு என்றேன். நாலு விரலை வைத்துக் காட்டினான். ஒவ்வொரு தாளிலும் அளந்து நாலு விரல் விட்டேன். பத்துத் தாள், இருபது இருபது பேர்.

கூட்டத்துக்கு வந்தது நூற்றுப் பன்னிரண்டு பேர். அரைகுறையாக விட எனக்கு மனசு வராது. மறுநாளும் அதற்கு மறுநாளும் வீடு வீடாகப் போய் வராதவர்களிடமும் வாங்கினேன். “என்னது இது?” என்று கேட்டவர்களிடம், “வருகைப் பதிவு” என்றேன். “நாங்க வரலையே” என்றார்கள். “வந்திருக்க வேண்டும் இல்லையா?” என்றேன். பேசாமல் போட்டார்கள்.

நாற்பத்தொன்றாவது வரிசை பேச்சித்தாய்க்கு. கதவு எண் வரிசையில் எண்ணிக்கொண்டு வந்தால் அவள் வீடு அந்த எண்ணில் வருகிறது. அவள் என்ன செய்தாள், கட்டை விரலை நீட்டினாள். “மையி இருந்தா உருட்டுங்க டீச்சரம்மா.” எனக்கு எப்படி இருக்கும்? அந்த அழகான தாளில் நடுவில் ஒரு கறை. “பேச்சி, இந்தக் காலத்தில் கைநாட்டு வைப்பது அசிங்கம். நான் கற்றுத் தருகிறேன்” என்று சொல்லி, இரண்டு சாயங்காலம் அவள் மாட்டுக் கொட்டகையில் உட்கார்ந்து, பழைய காலண்டர் பின்பக்கத்தில் எழுதிப் பழக்கினேன். மூ. பேச்சித்தாய். பென்சிலை அவள் அரிவாள் மாதிரிதான் பிடிப்பாள். மூன்றாம் நாள் நாற்பத்தொன்றில் அவளே போட்டாள். போட்டுவிட்டுச் சிரித்தாள் பாருங்கள், வாயைப் பொத்திக்கொண்டு. “எங்கப்பன் இருந்திருந்தா பாத்திருப்பாரு” என்றாள். வாழ்க்கையில் அவள் போட்ட முதல் கையெழுத்து அது. அந்தப் பெருமை எனக்கு உண்டு. யார் என்ன சொன்னாலும் அதை என்னிடமிருந்து எடுக்க முடியாது.

தை மாதம் மதில் எழுந்தது. ஆள் உயரம் என்று நினைத்தேன். மூன்று ஆள் உயரம். சித்திரையில் புகைபோக்கி. தையலும் இல்லை, பேக்கிங்கும் இல்லை. பழைய பேட்டரியை உடைத்து உள்ளே இருக்கிற ஈயத்தை உருக்குகிற கம்பெனி. தார்ப்பாய் போட்டு மூடின லாரி வரிசையாக வரும், போகும். சத்தம்கூட அதிகமில்லை. ஆடியில் மேல்காற்று ஆரம்பித்தது. காலையில் வாசல் தெளிக்கப் போனால் தரையில் சாம்பல் நிறத்தில் மாவு சலித்த மாதிரி ஒன்று படிந்திருக்கும். நாக்கில் இனிப்பாக ஒரு ருசி. காப்பிக்குச் சர்க்கரை போட வேண்டாம் என்று எங்கள் வீட்டுக்காரர் கிண்டல் பண்ணினார்.

முதலில் பேச்சித்தாயின் கன்றுக்குட்டி. கண் தெரியாமல் கொட்டகைக்குள் சுற்றிச் சுற்றி வந்தது. பிறகு சுவரில் தலையை முட்டுக் கொடுத்துக்கொண்டு நின்றது. ஒரு நாள் முழுக்க அப்படியே நின்றது. நான் போய்ப் பார்த்தேன். அது எங்களைப் பார்க்கவில்லை. பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டே இருந்தது. மறுநாள் விழுந்துவிட்டது. அப்புறம் தாய்ப்பசு, அதே மாதிரி, அதே சுவரில்.

நாங்கள் பாலை நிறுத்திவிட்டோம். பாக்கெட் பால் வாங்குகிறோம். அதில் அவளுக்கு வருத்தம். நான் என்ன செய்ய முடியும்?

எங்கள் வீட்டுக்காரரா, அவருக்கு ஒன்றுமில்லை. கொஞ்சம் மறதி, வயிற்று வலி. ஃப்ரிட்ஜ் தண்ணீர் குடிக்காதீர்கள் என்றால் கேட்பதில்லை. போன மாதம் பல் டாக்டரிடம் கூட்டிப்போனேன். ஈறு ஓரமாக நீலக் கோடு ஒன்று ஓடுகிறது, பேனாவால் கிழித்த மாதிரி. அந்த டாக்டர், “சார் பேட்டரி கம்பெனியிலா வேலை பார்க்கிறார்?” என்று கேட்கிறார். ட்ரெஷரியில் வேலை பார்த்தவரைப் பார்த்து. நான் எழுந்து வந்துவிட்டேன். பற்பசையை மாற்றியிருக்கிறேன்.

இதற்கு நடுவில் பேச்சித்தாய் யாரையோ பிடித்துத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போட்டு, நிலத்தை மாற்றின ஃபைலின் நகலை வாங்கிவிட்டாள். வாங்கிக்கொண்டு நேரே என்னிடம்தான் வந்தாள். “படிச்சுச் சொல்லுங்க டீச்சரம்மா.”

பார்த்தேன். என் தாள். என் கோடு. ஜெராக்ஸிலும் அவ்வளவு நேராக இருந்தது. மேலே நாலு விரல் இடத்தில் டைப் அடித்திருந்தது. படித்தேன். ‘கீழே கையொப்பமிட்டுள்ள நாங்கள், மேற்படி நிலங்களைத் தொழிற்சாலைப் பயன்பாட்டுக்கு மாற்றுவதில் எங்களுக்கு எவ்வித ஆட்சேபணையும் இல்லை என மனப்பூர்வமாகத் தெரிவித்துக்கொள்கிறோம்.’ ஒரு வரிகூட என் கோட்டைத் தாண்டவில்லை. அளந்து அடித்த மாதிரி.

“இத எப்ப எழுதினாக?” என்றாள்.

“பின்னால்.”

“நான் போடும்போது இது இல்லையே.”

“இல்லை.”

நகலை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். அதுதான் அவளிடம் எனக்குப் புரியாதது. கத்த வேண்டிய இடத்தில் கத்த மாட்டாள்.

நானே அவளை நகரத் திட்ட அலுவலகத்துக்குக் கூட்டிப்போனேன், இதே பஸ்ஸில். அங்கே ஒரு அதிகாரி, வயதானவர், பொறுமையாகவே பேசினார். நாற்பத்தொன்றில் விரலை வைத்தார். “அம்மா, இது கைநாட்டாக இருந்தால் நான் ஏதாவது செய்யப் பார்ப்பேன். எழுதப் படிக்கத் தெரியாதவர் கைநாட்டு வைத்தால், விஷயத்தைப் படித்துக் காட்டினோம் என்று சாட்சி ஒருவர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். சாட்சி இல்லை என்றால் செல்லாது என்று கேட்கலாம். இவர் கையெழுத்துப் போட்டிருக்கிறார். படித்துப் பார்த்துத்தான் போட்டார் என்றுதானே அர்த்தம்?” என்றார்.

திரும்பி வரும்போது பேச்சித்தாய் வழியெல்லாம் தன் வலது கையையே பார்த்துக்கொண்டு வந்தாள். திருப்பித் திருப்பி. அது யாரோ வேறு ஒருத்தியின் கை மாதிரி. நான் ஜன்னலைச் சாத்தச் சொன்னேன். சாத்தவில்லை.

குற்றம் யார்மேல் என்று கேட்பீர்கள். நான் நிறைய யோசித்துப் பார்த்தேன். அன்றைக்கு அவள் கை தூக்கி, பெயர் சொல்லி, முறையாகக் கேட்டிருந்தால் பதிவாகியிருக்கும். டிசிப்ளின் இல்லாததால் வந்த வினை. ஆல்வினைச் சொல்ல முடியாது. ஃபோன் செய்தேன், உடனே எடுத்தான். “மேலிடத்தில் யாரோ மாற்றிவிட்டார்கள் மேடம், எனக்கே அதிர்ச்சி” என்றான். இப்போது அவன் அந்த ஈயக் கம்பெனியிலேயே வேலைக்குச் சேர்ந்திருக்கிறான். கேட் வாசலில் வெள்ளை ஹெல்மெட்டோடு நிற்கிறதைப் பார்த்தேன், கை காட்டினான். நம் ஆள் ஒருவன் உள்ளே இருப்பது நல்லதுதானே.

இப்போது இரண்டாம் கட்டம் என்று ஒன்று வருகிறது. மதிலை இடித்துக் கிழக்கே நகர்த்தப் போகிறார்களாம். கிழக்கே என்றால் பேச்சித்தாயின் கிணறு, அதைத் தாண்டி எங்கள் நாலாவது தெரு. இதை விடக்கூடாது என்று ஆல்வினே வந்து சொன்னான். “மேடம், இந்தத் தடவை எதிர்ப்பு மனு கொடுங்கள். கையெழுத்து மட்டும் வாங்கி வாருங்கள். மனுவுக்குச் சட்டப் பிரிவு, எண் எல்லாம் உண்டு, அதை நான் டைப் பண்ணிவிடுகிறேன். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் கேன்டீன் வாசலில் நிற்கிறேன்” என்றான். எனக்கும் அதுதான் சௌகரியம். என் தமிழ் கான்வென்ட் தமிழ், ஆபீஸ் தமிழ் எழுத வராது.

நாலு விரலா என்று கேட்டேன். “ஐந்தாக விடுங்கள் மேடம்” என்றான். நான் நாலுதான் விட்டேன். அழகு என்று ஒன்று இருக்கிறது.

எல்லாரும் போட்டார்கள். நூற்றுத் தொண்ணூற்று ஒன்பது பேர். நேற்றுப் பேச்சித்தாயிடம் போனேன். கிணற்றின்மேல் தகரத்தைப் போட்டு மூடி, அதன்மேல் கல் வைத்திருந்தாள். கொட்டகையில் ஒரு மாடும் இல்லை. உள்ளே கட்டிலில் கிடந்தாள். வலது மணிக்கட்டு தொங்கிப்போய்விட்டது, தூக்க முடியவில்லை. தண்ணீர் டம்ளரை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் இடுக்கிக் குடிக்கிறாள். நான் பேனாவைக் கொடுத்தேன். விரலில் நிற்கவில்லை, விழுந்துவிட்டது.

“கைநாட்டு வேணா வைக்கேன்” என்றாள். “ஆனா மேல எழுதியிருக்கதப் படிச்சுக் காட்டுங்க. காட்டினேன்னு கீழ நீங்க எழுதிக் கையெழுத்துப் போடுங்க. அந்த ஆபீசரு சொன்னாருல்லா.”

“மேலே ஒன்றும் இல்லை பேச்சி. படிக்க என்ன இருக்கிறது?”

“அப்பம் இங்கயும் ஒண்ணும் இல்ல” என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நெற்றி சுவரில் முட்டிக்கொண்டிருந்தது. கூப்பிட்டுப் பார்த்தேன். திரும்பவில்லை. நான் அவளுக்குப் படிக்கக் கற்றுக்கொடுக்காமல் எழுதக் கற்றுக்கொடுத்துவிட்டேன் என்று ஏதோ முணுமுணுத்தாள், அதுவும் சுவரைப் பார்த்துத்தான். நன்றி கெட்ட பேச்சு. யாருக்காக நான் இந்த வெயிலில் அலைகிறேன்?

கூட்ஸ் போய்விட்டது. கேட் திறக்கிறான். பார்த்தீர்களா, சாத்துகிறார்கள். டிரைவர்கூட முகத்தில் துண்டைக் கட்டுகிறார் பாருங்கள். மதில் பக்கமாகத்தான் போகும். முன் கண்ணாடி வழியாகப் பார்த்தால் தெரியும். அந்த மூலையில் தகரம் போட்டு மூடியிருக்கிறதே, அதுதான் கிணறு.

பையைத் திறங்கள். மூன்றாவது தாள். முதல் வரிசை, நாற்பத்தொன்று. இருநூறில் ஒன்று மட்டும் பல் விழுந்த மாதிரி காலியாகக் கிடக்கிறது, ராத்திரி முழுக்க எனக்குத் தூக்கமில்லை. உங்கள் கையெழுத்து அழகாக இருக்கும் என்று உங்களைப் பார்த்தாலே தெரிகிறது. மூ. பேச்சித்தாய் என்று போட்டுவிடுங்கள். கொஞ்சம் சாய்வாக, பெரிதாக, அவள் அப்படித்தான் போடுவாள். நானே போடுவேன், ஆனால் என் கையெழுத்து இருபத்திரண்டாவதாக இருக்கிறது, ஒரே கை என்று தெரிந்துவிடும். இதில் தப்பு ஒன்றுமில்லை, அவள் நன்மைக்குத்தான்.

இந்தாருங்கள், பேனா. வண்டி குலுங்குவதற்குள் போடுங்கள்.

மேலேயா? மேலே ஒன்றும் இல்லை. அந்த இடம் அப்படியே இருக்கட்டும், கை படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.